‘விக்கா’ என்கிறாள் மகள்! தாய் என்ன செய்ய வேண்டும்?



ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் வேர்விட்ட குடும்பங்கள் இன்று ஒரே கூரையின் கீழ் இல்லை. போர் தீவகத்தைச் சிதறடித்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் புத்தளத்தில் போய் ஒதுங்கினார்கள். அடுத்த தலைமுறையில் பலர் இலண்டனுக்கும் டொரொண்டோவுக்கும் போய்விட்டார்கள். உம்மம்மா ஓரிடம், உம்மா ஓரிடம், பேத்தி ஓரிடம் என்றாகிவிட்ட வீடுகளுக்குத் தொலைபேசிதான் இன்று முற்றம்.

அங்கே படிக்கும் மகள் ஒருநாள், “உம்மா, விக்கா என்று ஒன்றைப் படித்துப் பார்க்கிறேன். நிறைநிலா இரவில் மெழுகுதிரி ஏற்றி வைத்து உட்கார்ந்திருந்தேன். மனசுக்கு ஆறுதலாக இருந்தது” என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? ‘என் பிள்ளை சூனியக்காரியாகிவிட்டாளே!’ என்று நெஞ்சு பதறும். பதறுவது இயல்புதான். ஆனால் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பிறநாட்டு வணிகர்கள் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. அந்த ஊராத்துறைதான் நம் ஊர்காவற்றுறை. துறைமுகத்து மக்கள், வந்திறங்கிய மூட்டையை அவிழ்த்துப் பார்த்த பிறகே தேவையா, தேவையில்லையா என்று சொல்வார்கள். இந்த மூட்டையையும் அவிழ்த்துப் பார்த்துவிடுவோம்.

மூட்டைக்குள் என்ன?

விக்கா என்பது மேல்நாட்டில் தோன்றிய ஒரு புதிய மதம். ஒரு பெண் தெய்வத்தையும் கொம்புள்ள ஓர் ஆண் தெய்வத்தையும் அதில் வணங்குகிறார்கள். நிறைநிலா இரவுகளில் கூடுகிறார்கள். பருவ மாற்றங்களை ஒட்டி ஆண்டுக்கு எட்டுத் திருநாள்கள். தரையில் வட்டமிட்டு, கறுப்புப் பிடி போட்ட கத்தி, கிண்ணம், உப்பு, தண்ணீர், தூபம் ஆகியவற்றை வைத்துச் சடங்கு செய்கிறார்கள். மந்திரமும் உண்டு. எவருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்பது அவர்களுடைய முதல் விதி. ஷைத்தானை வணங்குவோர் என்று அவர்களைச் சொல்வது தவறு. ஷைத்தான் என்ற நம்பிக்கையே அவர்களிடம் இல்லை. எதிரியைப் பற்றியும் நீதியாகப் பேசச் சொல்லும் மார்க்கம் நம்முடையது அல்லவா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021இல் நடந்த குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 13,000 பேர் தங்கள் மதம் விக்கா என்று எழுதினார்கள். ‘பேகன்’, அதாவது பழங்கால இயற்கை வழிபாட்டைப் புதுப்பித்தவர்கள் என்று எழுதியோர் ஏறத்தாழ 74,000 பேர். ஆகவே உங்கள் மகளின் வகுப்பில் இப்படி ஒருத்தி இருப்பது ஆச்சரியமில்லை.

மஸ்கெலியாவில் இருந்த துரை

“இது ஆதிகாலத்து மதம் உம்மா” என்று மகள் சொல்லக்கூடும். அங்கேதான் நாம் நிதானமாகப் பேச வேண்டும். இந்த மதத்தை உலகறியச் செய்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். 1884இல் பிறந்தவர். ஆஸ்துமா நோயாளி. அவரை வளர்த்த தாதி இலங்கையில் தேயிலைத் தோட்டத்துரை ஒருவரை மணந்துகொண்டதால் 1900இல், 16 வயதில், அவரும் இங்கே வந்தார். மஸ்கெலியாத் தோட்டத்தில்தான் அவர் தொழில் பழகினார்! 1908இல் போர்னியோவுக்கும் பின்னர் மலாயாவுக்கும் போனார். மலாயாவில் இறப்பர்த் தோட்டத்திலும் சுங்கப் பகுதியிலும் வேலை பார்த்தார். போன இடமெல்லாம் அந்தந்த மக்களின் மந்திரம், தாயத்து, ஆவி நம்பிக்கைகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

1936இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய அவர், பழைய சூனியக்காரிகளின் மதம் ஒன்று இரகசியமாக உயிர்வாழ்வதாகவும் 1939இல் தாம் அதில் சேர்க்கப்பட்டதாகவும் கூறினார். 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் அவர் தமது நூலை வெளியிட்டார். ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்ட 40,000 முதல் 50,000 வரையிலான மக்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், இப்படி ஒரு மதத்தைப் பின்பற்றினார்கள் என்பதற்குச் சான்றில்லை என்று வரலாற்றாசிரியர்கள் இன்று தெளிவாகச் சொல்கிறார்கள். அவர்கள் அநியாயமாகக் குற்றம் சாட்டப்பட்ட சாதாரண ஏழைகள். ஆக, நம் பாட்டிமாரின் வயதுகூட இல்லாத ஒரு மதத்துக்கு ஆயிரமாண்டு நரை பூசப்பட்டிருக்கிறது!

கார்ட்னரின் வாழ்க்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. மலாயாவில், இஸ்லாத்தைத் தழுவியிருந்த ஓர் அமெரிக்கரின் அழைப்பை ஏற்று அவர் கலிமாவை மொழிந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகிறார்கள். உள்ளூர் மக்களின் நம்பிக்கையை அது பெற்றுத் தந்தது. ஆனால் மார்க்கத்தைக் கைக்கொண்டு வாழ்ந்தவராக அவர் ஒருபோதும் இருக்கவில்லை. 1964இல் கப்பலில் இறந்தார். தூனிஸில் அடக்கப்பட்டார். முஸ்லிம்களின் மண்ணில் உடல் கிடக்கிறது. கலிமா நாவோடு நின்றுவிட்டது.

சகோதரியே! நம் பிள்ளைகளுக்கும் நாம் நாவோடு நிறுத்திவிட்டோமா? ஏழு வயதில் யாஸீன் ஓதினாள் என்று பெருமைப்பட்டோம். அதில் என்ன சொல்லப்படுகிறது என்று பதினேழு வயதிலாவது சொல்லிக் கொடுத்தோமா? அந்நிய நாட்டில், தனி அறையில், உறவு இல்லாத குளிர் இரவில், தன் துக்கத்தை எங்காவது இறக்கி வைக்கத் துடிக்கிறாள் அவள். அவள் தேடியது ஆறுதலை. கையில் கிடைத்தது மெழுகுதிரி.

நம் வீட்டு முடிச்சுகள்

மகளைக் கேள்வி கேட்கும் முன் நம் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பிள்ளை அழுதால் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுகிறோம். கடலுக்குப் போகிறவரின் கையில் ஓதிய நூல் முடிச்சு. வியாபாரம் படுத்தால் ‘யாரோ செய்வினை செய்துவிட்டார்கள்’ என்று வாசற்படியைத் தோண்டிப் பார்க்கிறோம். தகடு எழுதுபவருக்குக் காசு கொடுக்கிறோம். உம்மம்மாவின் முடிச்சு ஆகுமாம், பேத்தியின் மெழுகுதிரி ஆகாதாம்! இந்த நியாயம் அவளுக்குப் புரியாது.

மார்க்கம் இரண்டையும் ஒரே தராசில்தான் நிறுக்கிறது. சூனியத்தைக் கற்பதை அல்குர்ஆனின் இரண்டாவது அத்தியாயம், 102ஆவது வசனம் கண்டிக்கிறது. அல்லாஹ்வின் அனுமதியின்றி அதனால் எவருக்கும் தீங்கு செய்ய முடியாது என்றும் அதே வசனம் நம் அச்சத்தைப் போக்குகிறது. குறி சொல்பவனிடம் போய்க் கேட்பவரின் தொழுகை நாற்பது இரவுகளுக்கு ஏற்கப்படாது என்பது நபிமொழி. பாதுகாப்புத் தேடுவதற்கு அல்லாஹ் நமக்குத் தந்தவை அல்பலக், அந்நாஸ் என்ற இரு அத்தியாயங்கள். அவற்றுக்குக் கட்டணமும் இல்லை, இடைத்தரகரும் இல்லை.

ஒரு சொல் கொல்லும்

‘சூனியக்காரி’ என்ற சொல்லை ஏன் வாயில் எடுக்கக் கூடாது என்கிறேன்? 1995இல், இன்று ஜார்க்கண்ட் என்று வழங்கும் பகுதியில், அயல்வீட்டுப் பிள்ளைக்கு நோய் வந்ததற்காகச் சுட்னி மஹதோ என்ற பெண்மீது அந்தப் பழி சுமத்தப்பட்டது. அடித்து அவமானப்படுத்தி ஊரைவிட்டே துரத்தினார்கள். பின்னாளில் தம்மைப் போன்ற பெண்களை மீட்பதற்கே வாழ்ந்த அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2012 ஏப்ரலில் ஜித்தாவில் நம் நாட்டுப் பெண் ஒருவர் சூனியக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். கடைத்தொகுதியில் அவர் அருகில் நின்றபின் தன் 13 வயது மகளின் நடத்தை மாறிவிட்டது என்று ஒரு தகப்பன் முறையிட்டதுதான் காரணம். சூனியக் குற்றத்துக்குத் தலையை வெட்டும் நாடு அது! சமையற்கட்டில் விளையாட்டாகச் சொல்லும் சொல், அந்நிய ஊரில் ஓர் ஏழைப் பெண்ணின் கழுத்துக்கு வருகிறது. அதைப் பெற்ற மகள்மீது வீசலாமா?

செய்ய வேண்டியது

தொலைபேசியை வைத்துவிடாதீர்கள். “என்ன படித்தாய் மகள்? எனக்கும் சொல்லு” என்று கேளுங்கள். விக்கா குழுக்களில் பல, ஒரு வருடமும் ஒரு நாளும் படிக்காத எவரையும் சேர்ப்பதில்லை. அவர்களே அவசரப்படாத இடத்தில் நாம் அவசரப்பட்டு அவளை வீட்டுக்கு வெளியே தள்ளிவிடக் கூடாது. கார்ட்னரின் கதையைச் சொல்லுங்கள். அவளுடைய துக்கம் என்னவென்று கேளுங்கள். நித்திரையின்மையோ மனச்சோர்வோ தெரிந்தால் வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள்.

நிலாவை அவளிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை. நம் மாதங்களே பிறையில்தான் பிறக்கின்றன. நிறைநிலாவை ஒட்டிய 13, 14, 15ஆம் நாள்களில் நோன்பு நோற்பது சுன்னத். நபி (ஸல்) அவர்களின் குழந்தை இப்றாஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் அதையும் இதையும் முடிச்சுப் போட்டார்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த அந்த நேரத்திலும், சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை மறைவதில்லை என்று பெருமானார் திருத்தினார்கள்.

வருகிற 13ஆம் பிறையன்று ஸஹருக்கு எழும்பி மகளுக்கும் அழைப்பு எடுங்கள். நீங்கள் இங்கே, அவள் அங்கே; ஒரே நிலாவின் கீழ் இருவரும் நோன்பு பிடியுங்கள். அந்த நிலாவைப் படைத்தவனிடம் இருவரும் கையேந்துங்கள். அவன் கேட்கிறவன்.