இன்பம் இருக்கட்டும், அதிர்ச்சி வேண்டாம்

நோயுற்ற வாழ்க்கைத்துணையின் பிறந்தநாளைக் கொண்டாட விரும்புவோருக்கு

எதிர்பாராமல் வந்து சேரும் மகிழ்ச்சியை ‘இன்ப அதிர்ச்சி’ என்று சொல்லப் பழகியிருக்கிறோம். உடல்நலத்தோடு இருப்பவருக்கு இந்தச் சொற்றொடர் பொருத்தமாகவே இருக்கும். ஆனால், சிகிச்சையில் இருக்கும் கணவருக்கோ மனைவிக்கோ பிறந்தநாள் விழா ஒன்றைத் திட்டமிடும்போது, இந்த இரு சொற்களையும் பிரித்து வைத்துப் பார்க்க வேண்டும். இன்பத்தைக் கூட்டுவதும் அதிர்ச்சியைக் குறைப்பதும் எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அதிராம்பட்டினத்துக்கு இது மிக நெருக்கமான செய்தி. வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உழைக்கும் கணவர்களைக் கொண்ட இல்லங்கள் இங்கே ஏராளம். மனைவியின் பிறந்தநாளன்று, வருகையை ஒருவரிடமும் சொல்லாமல் விமானம் ஏறி, விடியற்காலையில் வீட்டு வாசலில் வந்து நிற்பதைப் போன்ற பரிசு வேறில்லை என்று கருதுவோர் பலர். அந்த அன்பில் குறையில்லை. எனினும், கதவைத் திறக்கும் மனைவி இதய நோய்க்கு மருந்து உட்கொள்பவராக இருந்தால், சற்று நிதானித்துத் திட்டமிட வேண்டும்.

மகிழ்ச்சியும் இதயத்தைத் தாக்குமா?

அரிதாகத் தாக்கும். கடுமையான மன எழுச்சிக்குப் பின் இதயத்தின் இடது கீழறை திடீரென வலுவிழந்து, அடிப்பகுதி பலூன்போல் உப்பிக்கொள்ளும் நிலையொன்றை ஜப்பானிய மருத்துவர்கள் 1990-இல் விவரித்தனர். அப்போது அந்த அறை, கழுத்துக் குறுகி வயிறு பருத்த ஒரு பானையின் வடிவத்தைப் பெறுகிறது. நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்று அழைக்கும் ஆக்டோபஸைப் பிடிக்க ஜப்பானியக் கடலில் இறக்கும் பானைக்கு ‘தாக்கோட்சுபோ’ என்று பெயர். நோய்க்கும் அதே பெயரை வைத்தார்கள்.

துயரச் செய்தி, பேரச்சம், கடுஞ்சினம் ஆகியவை இதனைத் தூண்டும் என்பதே நெடுநாள் கருத்தாக இருந்தது. 2016-இல் ஐரோப்பிய இதய மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இதற்கு ஒரு திருத்தம் தந்தது. மன எழுச்சியால் இந்நோய்க்கு ஆளான 485 பேரை ஆராய்ந்ததில், 465 பேருக்குத் துயரம், அச்சம் போன்றவையும், 20 பேருக்கு மகிழ்ச்சியான நிகழ்வுகளும் காரணமாக இருந்தன. அந்த மகிழ்ச்சியான நிகழ்வுகளுள் பிறந்தநாள் விழாவும் உண்டு. நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற வயதைக் கடந்த பெண்கள்.

இதைப் படித்துப் பிறந்தநாளையே கைவிட வேண்டாம். இது அரிய நோய். பெரும்பாலோர் சில வாரங்களில் குணமடைகின்றனர். ஆனால் இதன் அறிகுறிகள் மாரடைப்பின் அறிகுறிகளைப் போலவே இருப்பதால், வீட்டில் வைத்து வேறுபடுத்தி அறிய இயலாது. கொண்டாட்டத்தின் நடுவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை தோன்றினால், ‘மகிழ்ச்சியில் படபடப்பு’ என்று எண்ணிக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

மறைக்கத் தக்கது எது, சொல்ல வேண்டியது எது?

எளிய விதி ஒன்று உண்டு. பரிசு இன்னதென்பதை மறைக்கலாம். நாளையும் நேரத்தையும் வருவோரையும் மறைக்க வேண்டாம். “நாளை மாலை ஐந்து மணிக்கு உனக்காக ஒன்று இருக்கிறது” என்று சொல்லிவிடுங்கள். அது என்னவென்று ஒரு நாள் முழுதும் எண்ணி மகிழ்வதும் பரிசின் ஒரு பகுதியே. நோயாளி அதற்குள் ஓய்வெடுத்துக்கொள்வார். மருந்தை உட்கொண்டு, தலைவாரி, விரும்பிய உடையை உடுத்திக்கொள்வார். நோய்க்கோலத்தில் கூட்டத்தின் முன் திடீரென நிறுத்தப்படுவதைப் பலர் விரும்புவதில்லை. கூச்சத்தால் அதை வெளியே சொல்வதுமில்லை. வெளிநாட்டிலிருந்து வருபவர், விமானம் ஏறும் முன்னரேனும் தொலைபேசியில் சொல்லிவிடலாம். கொண்டுவரும் பெட்டிக்குள் இருப்பதை வேண்டுமானால் மறைத்துக்கொள்ளட்டும்.

முன்னரே தெரிந்துவிட்டால் மகிழ்ச்சி குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. காவிரிப் படுகையின் மிகப் பெரிய பிறந்தநாள் விழா, அறுபது ஆண்டு நிறைவுக்குத் திருக்கடையூரில் நடைபெறும் மணிவிழா. ஒருவருடைய பிறந்தநாளைக் கணவன், மனைவி இருவரும் மாலை மாற்றிக் கொண்டாடுகிறார்கள். பல மாதங்களுக்கு முன்பே நாள் குறித்து, உறவினர்க்கெல்லாம் அழைப்பு அனுப்பி நடத்தப்படும் அவ்விழாவில் எவரும் மகிழ்ச்சி குறைந்து திரும்பியதில்லை. நோயுற்றவரை அங்கே அழைத்துச் செல்வதாயின், நீண்ட பயணம், கூட்டம், கலச நீராட்டு, உணவு தாமதமாதல் ஆகியவற்றை மருத்துவரிடம் முன்கூட்டியே கூறி அறிவுரை பெறுங்கள்.

முழுமையாக மறைத்துச் செய்தே தீர வேண்டுமென்றால், அது மெல்ல வந்து சேர்வதாக இருக்கட்டும். ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர், 1870-ஆம் ஆண்டு தம் மனைவி கோசிமாவின் பிறந்தநாளுக்காக ஓர் இசைக்கோவையை அவரறியாமல் இயற்றினார். சுவிட்சர்லாந்தில் லூசர்ன் ஏரிக்கரையில் இருந்த அவர்கள் இல்லத்தில், டிசம்பர் 25-ஆம் நாள் காலை, சிறிய இசைக்குழு ஒன்று மாடிப்படிகளில் நின்று அதை இசைத்தது. நரம்புக் கருவிகளின் மென்மையான ஒலியில் தொடங்கிப் படிப்படியாக வளரும் இசை அது. உறங்கிக்கொண்டிருந்த கோசிமா அந்த இசை கேட்டே கண் விழித்தார். விளக்கை அணைத்துவிட்டு, இருளில் பத்துப் பேர் ஒருசேரக் கூச்சலிடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். முதியவருக்கும், பக்கவாதத்திலிருந்து தேறி வருபவருக்கும், மறதிநோய் உள்ளவருக்கும் இருளும் கூச்சலும் அச்சத்தையே தரும்; தடுமாறி விழவும் நேரலாம்.

எந்த நாள், எந்த நேரம்?

நம் பகுதியின் முதியோர் பலருக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதியும் உண்மையில் ஒரு தேதியும் இருக்கும். தமிழ் மாதமும் நட்சத்திரமும் மட்டும் அறிந்தோர் உண்டு. இஸ்லாமிய மாதக் கணக்கில் நினைவு வைத்திருப்போரும் உண்டு. ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதால், அந்தப் பிறந்தநாள் ஆண்டுதோறும் முன்னே நகரும். குடும்பத்து மூத்தவர்களிடம் கேட்டு, உங்கள் துணை பிறந்த நாளை உறுதிசெய்து எழுதிக் கொடுப்பதே பலருக்கு இதுவரை கிடைத்திராத பரிசாக அமையும்.

தேதி சிகிச்சையோடு மோதினால், விழாவை நகர்த்துங்கள். டயாலிசிஸ் முடிந்த அன்று களைப்பு மிகுதியாக இருக்கும், மறுநாள் நல்லது. கீமோதெரபி பெற்று ஒன்று, இரண்டு வாரங்களில் வெள்ளணுக்கள் பொதுவாக மிகவும் குறையும். அந்நாட்களில் கூட்டம் சேர்ப்பதையும், சளி, காய்ச்சல் உள்ளவர்கள் வருவதையும் தவிர்க்க வேண்டும். நள்ளிரவு 12 மணிக்கு எழுப்பிக் கேக் வெட்டுவதால் உறக்கமும் கெடும். சர்க்கரை அளவும் மாறும்.

விருந்தும் மருந்தும்

நீரிழிவு உள்ளவர் இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டபின், “கொஞ்சம் பொறுங்கள், எல்லாரும் வரட்டும்” என்று உணவைத் தள்ளிப்போடுவது கூடாது. இனிப்பு உண்பதைவிட இத்தாமதமே உடனடி ஆபத்து. சர்க்கரை திடீரெனக் குறைந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் உண்டாகலாம். இனிப்பைப் பொறுத்தவரை, உணவோடு சேர்த்து எவ்வளவு உண்ணலாம் என்பதை உணவியல் ஆலோசகரிடம் கேட்டறிந்து, அந்த அளவை மட்டும் தட்டில் வையுங்கள்.

டயாலிசிஸ் பெறுபவருக்குப் பாயசமும் பழச்சாறும் அன்றைய நீர் அளவில் சேரும். இளநீர், வாழைப்பழம், பேரீச்சம்பழம் ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி என்பதால் அன்பின் பெயரால் வற்புறுத்தாதீர்கள். கருவாடும் ஊறுகாயும் உப்பு மிகுந்தவை. வட்டிலப்பமோ நெய்ச்சோறோ அவருக்கு மிகவும் பிடித்தமானது என்றால், இரண்டு கரண்டியே ஆயினும் அவர் உண்ணத் தக்க அளவை மருத்துவக் குழுவிடம் கேளுங்கள். அவர் உண்ணக்கூடாதவற்றை அவர் எதிரில் பரப்பி வைத்து மற்றவர்கள் உண்பதைக் காட்டிலும், அவர் உண்ணக்கூடிய ஒன்றையே எல்லாரும் உண்பது நல்லது.

அறையில் கவனிக்க வேண்டியவை

ஆக்சிஜன் பயன்படுத்தும் அறையில் மெழுகுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி, நுரைத் தெளிப்பான் எதுவும் வேண்டாம். தீப்பற்றும் ஆபத்து மிகுதி. ஆஸ்துமா உள்ளவருக்குப் புகையும் அடர்ந்த அத்தர் மணமும் மூச்சிறைப்பைத் தரும். வெள்ளணுக்கள் குறைந்தவரின் அறைக்குப் பூங்கொத்து கொண்டுவருமுன் செவிலியரிடம் கேளுங்கள். மருத்துவமனையில் இருக்கும் நோயாளிக்கு ஏதேனும் செய்ய விரும்பினால், வார்டுச் செவிலியரிடம் ஒரு நாள் முன்னரே சொல்லிவிடுங்கள். மருந்து நேரமும் பரிசோதனை நேரமும் அறிந்தவர் அவரே. உங்கள் இரகசியத்தையும் காப்பார்.

கவனித்துக்கொள்பவருக்கும் பிறந்தநாள் உண்டு

நோய் வந்த வீட்டில் முதலில் மறக்கப்படுவது, பணிவிடை செய்பவரின் பிறந்தநாள். மாதக்கணக்கில் கட்டிலருகே பாயில் படுத்து, இரவில் பலமுறை எழுந்து, தம் சொந்த மருந்தையும் மறந்துவிட்ட மனைவியோ கணவரோதான் அவர். நோயாளிகளே, அவரைப் பாராட்ட உங்களுக்குப் பணமோ நடமாடும் வலிமையோ வேண்டியதில்லை. மகளிடமோ மைத்துனரிடமோ தனியே பேசி, அன்று ஓர் இரவு உங்கள் அருகில் இருக்கச் சொல்லுங்கள். உங்கள் துணை வீட்டுக்குச் சென்று விடியும்வரை உறங்கட்டும். அவர் விரும்பும் தோழியை அந்நாளில் தொலைபேசியில் அழைக்கச் செய்யுங்கள். அவர் தள்ளிப்போட்டுவரும் இரத்த அழுத்தப் பரிசோதனைக்கோ கண் பரிசோதனைக்கோ நேரம் குறித்து வைக்கலாம்.

உங்களால் இயலுமாயின், நான்கு வரி எழுதியோ எழுதச் சொல்லியோ கொடுங்கள். அவர் செய்தவற்றுள் எதை நீங்கள் கவனித்தீர்கள் என்பதை அதில் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். நோயாளியாகிப் பெற்றுக்கொண்டே இருப்பவர், அன்று கொடுப்பவராகவும் ஆகிறார். இருவருக்கும் அது நன்மை தரும். உங்கள் இருவர் பிறந்தநாட்களையும் அடுத்த பரிசோதனைக்கு வரும்போது மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லுங்கள். சிகிச்சை நாட்களைக் குறிக்கும்போது கூடுமானவரை அதையும் கருத்தில் கொள்ள அவர்களுக்கு உதவும்.