சுக்கானைக் கழற்றுவதற்கு முன்

மரக்காணம் முதல் கோட்டக்குப்பம் வரையுள்ள விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் பெருகியுள்ள பைபர் படகுகளில் நீண்ட தண்டுடைய எஞ்சின் பொருத்தப்பட்டவற்றுக்குத் தனிச் சுக்கான் தேவைப்படுவதில்லை; அத்தண்டை இடமும் வலமும் திருப்பியே அவை திசைமாற்றப்படுகின்றன. பாய்ப்படகுகளிலும் விசைப்படகுகளிலுமோ நீருக்குள் நிற்கும் சுக்கான் பலகையே அவ்வேலையைச் செய்கிறது. இவற்றில் எது பழுதானாலும், கூலியை மிச்சப்படுத்த உரிமையாளரே கழற்றிச் சீர்செய்ய முனைவது இயல்பு. அதில் குற்றமில்லை, ஆனால் அவசரமாகக் கழற்றுவது உடலுக்குத் தரும் கேட்டைப் பலரும் அறிந்திருக்க, இழப்பீட்டு உரிமைக்குத் தரும் கேட்டைச் சிலரே அறிவர்.

பின்பலகையில் கீல்களால் தொங்கும் சுக்கானைக் கழற்றுவது எளிது. படகின் அடிப்பகுதியைத் துளைத்து மேலேறும் தண்டுடைய சுக்கானோ, கீழ்நோக்கி மட்டுமே வெளிவரும் என்பதால், தண்டின் நீளத்துக்கு ஈடான இடைவெளி அடியில் வேண்டும். அதற்காக மணலில் குழி தோண்டுவோர், படகைத் தாங்கும் முட்டுக்கட்டைகளின் கீழிருந்தும் மண் சரியக்கூடும் என்பதைக் கருத வேண்டும். படகு மிதக்கையில் இவ்வகைச் சுக்கானை இறக்கினால், தண்டு நின்ற துளை வழியே நீர் உட்புகலாம். விரிசல் வழியாக நீர் ஊறிய பலகை எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருக்கும். ஆகவே கடைசி நட்டைத் தளர்த்தும் முன் அதைக் கயிற்றாலோ செயின் பிளாக்காலோ தாங்கிக்கொள்ள வேண்டும். தண்டு பலகைக்குள் நுழையுமிடத்தில் பழுப்புக் கசிவு தென்பட்டால் உள்ளே அரிப்பு நிகழ்கிறது என்று ஐயுறலாம். துருப்பிடிக்காத எஃகு என்று விற்கப்படுவதும், காற்றுப்படாத இடுக்கில் தேங்கிய உப்புநீரில் துருப்பிடிக்கும்.

கழற்றிய பலகையின் விரிசலை ரெசின் பூசி அடைக்கும் வேலை இதனினும் ஆபத்தானது. ரெசினை இறுகச் செய்யும் கேட்டலிஸ்ட், அதன் வினையை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டர் ஆகிய இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீயோ வெடிப்போ நேரலாம். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலக்கிய பின்னரே மற்றதைச் சேர்க்க வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே பறிபோகக்கூடும் என்பதால், கண்ணாடி அணிவது கட்டாயம். தெறித்துவிட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ செல்ல 108 ஆம்புலன்சை அழைக்கலாம்.

இனிச் சட்டம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்குபவரை நுகர்வோராகக் கொள்வதில்லை. எனினும் சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிப் பயன்படுத்துபவரை அது விலக்குவதில்லை. ஆகவே தன் படகுக்குச் சுக்கானோ எஞ்சினோ வாங்கிய மீனவர் நுகர்வோரே. ஆனால் பொருளால் விளைந்த தீங்குக்கு இழப்பீடு கோரும்போது, அத்தீங்கு நேர்ந்த சமயத்தில் பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தது என்று விற்பனையாளர் காட்டிவிட்டால், அவர்மீதான கோரிக்கை நில்லாது என்று அச்சட்டத்தின் 87ஆம் பிரிவு கூறுகிறது. உத்தரவாதக் காலத்துக்குள் தாமே துளையிட்டு வெல்டிங் செய்தவர் எதிர்த்தரப்புக்கு வாதத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார் எனலாம். கழற்றும் முன் விற்பனையாளருக்கு எழுத்தில் தெரிவித்து, பழுதைத் தேதியுடன் படமெடுத்து, படகு காப்பீடு செய்யப்பட்டிருந்தால் மதிப்பீட்டாளர் பார்த்துச் செல்லும்வரை காத்திருப்பதே முறை. உடைந்த தண்டைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடக் கூடாது. குறைபாட்டைக் கண்டறியப் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு.

பொருளைச் சென்னையிலோ புதுச்சேரியிலோ வாங்கியிருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பது இச்சட்டம் தந்த பெரும் சலுகை. மரக்காணத்தாரும் திண்டிவனத்தாரும் விழுப்புரத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. பிணக்கு எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். அதற்கு முன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டுப் பார்ப்பதற்கு ரசீது ஒன்றிருந்தால் போதும். துண்டுச்சீட்டில் விலையெழுதித் தரும் கடைகளில் முறையான ரசீதைக் கேட்டுப் பெறாதவர்களுக்கு இவ்வழிகள் எல்லாமே கடினமாகிவிடுகின்றன.