காளை வராமலே கன்று வந்தது!

காளை வரவில்லை, கன்று வந்தது! மந்திரமா? மாயமா? இரண்டுமல்ல தோழர்களே, மனிதனின் மதி!

ஒரு காலம் இருந்தது. நல்ல பொலிகாளை மிராசுதார் தொழுவத்தில் நின்றது. ஒற்றைப் பசு வைத்திருந்த உழைப்பாளி அந்த வாசலில் கைகட்டி நின்றான். கூலியும் கொடுத்தான், கும்பிடும் போட்டான். அதற்கும் வழியற்றவனுக்குத் தெருவில் திரிந்த காளையே கதி. சோனிக் கன்று பிறந்தால், "எல்லாம் தலையெழுத்து" என்று பெருமூச்சு விட்டான்.

அந்தத் தலையெழுத்தைத் திருத்தியது ஆராய்ச்சி! 1939-ல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன், இந்தியாவிலேயே முதன்முதலாகப் பசுவுக்குச் செயற்கை முறையில் கருவூட்டினார். 1949-ல் இங்கிலாந்து அறிஞர்கள், கிளிசரால் சேர்த்து உறையவைத்தால் விந்தணு மடியாது என்று கண்டனர். இன்று சுழியத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில், திரவ நைட்ரஜனில், சிறு குழலுக்குள் உறங்குகிறது காளையின் வித்து. அரண்மனையில் தொடங்கிய வித்தை, ஓலைக் கொட்டகைக்கும் வந்துவிட்டது!

ஆனால், ஊசி வந்தால் போதுமா? வேளை தெரிய வேண்டாமா?

பசு பருவத்துக்கு வருவது ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை. அது நீடிப்பதோ ஒரு நாளுக்கும் குறைவு. ஓயாமல் கத்தும், மற்ற மாட்டின்மேல் தாவும், கண்ணாடிபோல் வழும்பு ஒழுகும். காலையில் கண்டால் மாலையில் ஊசி. மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி. "அமாவாசை கழியட்டும்" என்று நாள் பார்ப்பவனுக்காகச் சினைமுட்டை காத்திருக்காது! தவறினால் இன்னும் 21 நாள் தீவனச் செலவு. அந்த அடி விழுவது யார் வயிற்றில்? ஏழையின் வயிற்றில்!

ஊசி போட வருபவரிடம், "எந்த இனத்துக் காளை?" என்று கேளுங்கள். கேட்பது குற்றமல்ல, உரிமை! குழலை 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் வைத்து எடுக்கிறாரா என்று பாருங்கள். சிறிய கிடேரிக்குப் பெரிய இனத்தின் வித்து வேண்டாம். ஈனும்போது கன்று சிக்கும், தாய்க்கும் ஆபத்து. காய்ந்த புல்லில் வாழக் கற்றது நம் காங்கேயம். புதுமை மோகத்தில் அதை விரட்டிவிடாதீர்!

ஊசி போட்ட தேதியைச் சுவரில் கரியால் எழுதுங்கள். மூன்று வாரத்தில் மீண்டும் கத்தினால், உடனே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். கத்தவில்லையா? மூன்றாம் மாதம் சினை பார்க்கச் சொல்லுங்கள். சினை நின்றால், ஊசி போட்ட நாளிலிருந்து ஏறத்தாழ 280 நாளில் கன்று!

காளை வாங்கக் காசில்லை நம்மிடம். காலம் பார்க்கக் கண் இருக்கிறது. அந்தக் கண் விழித்திருந்தால், யார் வாசலிலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை!