‘யூஸ் டு’வா, ‘யூஷுவலி’யா?

போன வருஷம் ஒரு இன்டர்ன்ஷிப் இன்டர்வியூ. சாயங்காலத்துல என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. “ஐ யூஸ் டு ரைட் கோட் இன் பைத்தான்”னு கெத்தா சொன்னேன். உடனே அடுத்த கேள்வி: “ஏன் விட்டுட்டீங்க?” நான் எங்கே விட்டேன்!

தப்பு அவர் மேல இல்லை. ‘யூஸ்ட் டு’ என்றால் ‘முன்பு செய்வேன், இப்போது இல்லை’ என்று அர்த்தம். ‘யூஸ் டு’ன்னு சொன்னாலும் காதுல ரெண்டும் ஒண்ணாத்தான் விழும். இப்பவும் தொடர்கிற பழக்கத்துக்கு அந்த வடிவமே கிடையாது. நான் சொல்லியிருக்க வேண்டியது: “ஐ யூஷுவலி ரைட் கோட் இன் த ஈவினிங்.”

நாம ஏன் இதுல சறுக்குறோம்? தமிழ்ல ‘எழுதுவேன்’ என்ற ஒரே சொல் மூணு வேலை பார்க்குது.

“தினமும் கோட் எழுதுவேன்”: இப்பவும் உள்ள பழக்கம். ஆங்கிலத்தில் ‘யூஷுவலி ரைட்’.

“சின்ன வயசுல டைரி எழுதுவேன்”: விட்டுப்போன பழக்கம். ‘யூஸ்ட் டு ரைட்’.

“நாளைக்கு ரெக்கார்ட் எழுதுவேன்”: எதிர்காலம். ‘வில் ரைட்’.

அடுத்து, ‘யூஷுவலி’யை எங்கே வைக்கிறது?

1. சாதாரண வினைச்சொல்லுக்கு முன்னால்: “ஷீ யூஷுவலி கம்ஸ் பை பஸ்.” நடுவுல யூஷுவலி வந்துடுச்சுன்னு ‘கம்ஸ்’ல இருக்கிற ‘ஸ்’ஸை விட்டுடாதீங்க.

2. ஆம், இஸ், ஆர் இவற்றுக்குப் பின்னால்: “த லேப் இஸ் யூஷுவலி ஓப்பன் டில் ஃபைவ்.”

3. கேன், வில் போன்ற துணைவினை இருந்தால் அதற்கும் வினைச்சொல்லுக்கும் நடுவில்: “யூ கேன் யூஷுவலி ஃபைண்ட் மீ இன் த லைப்ரரி.”

வாக்கியத்தின் தொடக்கத்திலும் வரலாம். ஆனா “ஐ ரைட் யூஷுவலி கோட்”னு வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவுல நுழைச்சா தப்பு.

இதே இடத்துல ‘டெய்லி’யை வச்சு “ஐ டெய்லி கோ டு ஜிம்”னு நிறைய பேர் சொல்றோம். ‘டெய்லி’, ‘எவ்ரி டே’ ரெண்டும் பொதுவா கடைசியில் வரும்: “ஐ கோ டு த ஜிம் எவ்ரி டே.”

குழப்பம் வந்தா ஒரு சின்ன டெஸ்ட். மனசுல ‘வழக்கமா’ன்னு போட்டுப் பாருங்க, பொருந்தினா, பழக்கமும் இன்னும் இருந்தா, யூஷுவலி. ‘முன்னாடியெல்லாம்’னு போட வேண்டியிருந்தா, யூஸ்ட் டு.

அன்னைக்கு நான் விளக்கம் சொல்லத் தடுமாறினதுல அந்த இன்டர்ன்ஷிப் கிடைக்கல. உங்க பிளேஸ்மென்ட்ல அப்படி ஆக வேண்டாம்!