கடை மாடியில் வீடு: பிளாக் சுவரா, ஆயத்தச் சட்டமா?



கீழே கடை, மேலே குடித்தனம் என்பது நம் மளிகை வணிகர்களின் நெடுநாள் வழக்கம். மகனுக்குத் திருமணம் கூடினாலோ, வாடகை ஏறிக்கொண்டே போனாலோ நாம் முதலில் அண்ணாந்து பார்ப்பது கடையின் மொட்டை மாடியைத்தான். முன்பெல்லாம் கொத்தனாரை அழைத்தால் போதும். இப்போது தொழிற்சாலையில் அளவாகச் செய்து, லாரியில் ஏற்றி வந்து, போல்ட் முடுக்கி நிறுத்தும் ஆயத்த வீடுகளும் வந்துவிட்டன. குளிர்நாடுகளில் இவற்றை மரச்சட்டத்தில் செய்கிறார்கள். கரையானும் மரத்தின் விலையும் உள்ள நம் ஊரில் இரும்புச் சட்டமும் தகடு பொதிந்த பேனல் சுவருமே வழக்கம்.

எது நல்லது என்று கேட்டால் இரு தரப்பாரும் சதுர அடி விலையைத்தான் சொல்வார்கள். நாம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. கீழே இருக்கும் கடை எவ்வளவு பாரம் தாங்கும் என்பதே முதல் கேள்வி.

மூட்டைக் கணக்கில் பார்ப்போம்

20 அடிக்கு 30 அடி வீடு என்று வைத்துக்கொள்வோம். சுற்றுச்சுவர் 100 அடி நீளம், 10 அடி உயரம். கதவு, ஜன்னல் திறப்பைக் கழிக்காமல் 1000 சதுர அடிச் சுவர். பூச்சும் சேர்த்து உத்தேச எடை இது:

9 அங்குலச் செங்கல் சுவர் 44 டன். 50 கிலோ அரிசி மூட்டையில் 880 மூட்டை.
8 அங்குல ஹாலோ பிளாக் 26 டன். 520 மூட்டை.
8 அங்குல ஏ.ஏ.சி. பிளாக் 16 டன். 320 மூட்டை.
இரு அங்குல பேனல் 1 டன். 20 மூட்டை.

இதன் மேல் 5 அங்குலக் கான்கிரீட் கூரை போட்டால் இன்னும் 17 டன். ஆயத்த வீட்டுக்கு இரும்புச் சட்டமும் கூரைத் தகடும் தனி எடைதான் என்றாலும், இரண்டும் சேர்ந்து அந்தக் கான்கிரீட் கூரையின் எடையில் பாதிகூட வராது.

மாடியில் 880 மூட்டையை நிரந்தரமாக அடுக்கி வைக்க நம்மில் யாரும் துணிய மாட்டோம். ஆனால் சுவர் என்று பெயர் வைத்துவிட்டால் யோசிக்காமல் ஏற்றிவிடுகிறோம்.

கடை எப்படிப்பட்டது?

அஸ்திவாரமும் தூண்களும் மாடிக்கும் சேர்த்துப் போடப்பட்டிருந்து, அதற்கு வரைபடச் சான்றும் இருந்தால் பிளாக் வீடே நம் பரிந்துரை. தலைமுறைக்கு நிற்கும். ஆணி அடிக்கலாம், அலமாரி மாட்டலாம், திருடனுக்கும் எளிதல்ல. பிளாக்கிலும் ஏ.ஏ.சி. வகை பாரம் குறைவு, வெயிலையும் தடுக்கும்.

தேக்கு விட்டத்தின் மேல் சிறு செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு இட்ட மெட்ராஸ் டெரஸ் கடையாக இருந்தால், அதன் மேல் பிளாக் சுவர் எழுப்ப நினைக்கவே கூடாது. ஆயத்த வீடுகூட அந்தக் கூரையில் உட்காரக் கூடாது. தரையிலிருந்தே தனித் தூண் எழுப்பி, அதன் மேல் நிறுத்த வழி உண்டா என்று பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். இல்லை என்றால் வேறு மனை பார்ப்பதே புத்திசாலித்தனம். கட்டடப் பொறியாளருக்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண் செலவாக எண்ண வேண்டாம்.

வியாபாரம் நடக்க வேண்டுமே

கான்கிரீட் கூரை என்றால் சென்ட்ரிங், முட்டு, பிறகு குறைந்தது ஒரு வாரமாவது தண்ணீர் கட்டுதல் எல்லாம் உண்டு. மேலே தேங்கும் நீர் கீழே கசிந்தால் சர்க்கரை, வெல்லம், பருப்பு என்னவாகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளாக் கட்டுவோர் சரக்கைக் குறைத்து வைத்திருக்கும் மாதங்களில் வேலை தொடங்க வேண்டும். மழைக்காலமும் தீபாவளி, பொங்கல் கொள்முதலும் ஆகாத காலம். ஆயத்த வீட்டில் ஈர வேலை மிகக் குறைவு. பாகங்கள் வந்து சேர்ந்தபின் நிறுத்துவது சில வாரங்களில் முடியும்.

ஆயத்த வீட்டின் பலவீனங்கள்

பாரம் குறைவு என்பதே காற்றில் பகையாகும். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் கூரைத் தகடுகள் பறந்ததை மறக்க முடியாது. தூணை நங்கூர போல்ட் போட்டுக் கான்கிரீட்டில் பிடித்திருக்கிறார்களா என்று நேரில் பார்க்க வேண்டும்.

அடுத்தது தீ. நம் கடையில் எண்ணெய் டின், சாக்கு, சூடம், தீப்பெட்டிப் பண்டல் எல்லாம் உண்டு. அதன் மேலேதான் பெண்டு பிள்ளைகள் உறங்கப் போகிறார்கள். பஃப் பேனலின் உள்ளே இருப்பது நுரை. எரிந்தால் நச்சுப் புகை கிளம்பும். ராக்வூல் பேனல் எரியாது. எடையும் விலையும் சற்றுக் கூடினாலும் கடைக்கு மேல் அதையே கேட்டு வாங்க வேண்டும். பிளாக்கோ பேனலோ, கடைக்குள் இறங்காமல் வெளியே போகும் படிக்கட்டு ஒன்று கட்டாயம் வேண்டும்.

பணமும் பத்திரமும்

ஆயத்த வீடு என்பதால் அனுமதி வேண்டாம் என்று சொல்வோரை நம்ப வேண்டாம். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி உள்ளாட்சி அனுமதி பெற்றே கட்ட வேண்டும். வங்கிக் கடன் தேவையெனில் முன்பணம் கொடுக்கும் முன்பே, இவ்வகை வீட்டுக்குக் கடன் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கடைக்குத் தீ இன்ஷூரன்ஸ் இருந்தால், மேலே வீடு வருவதை அந்த நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். இல்லையேல் இழப்பீடு கோரும் நாளில் வம்பு வரும்.

சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. ஆனால் சொந்த வீடு கட்டச் செலுத்தும் வரியைக் கடைக் கணக்கில் உள்ளீட்டு வரியாகக் கழிக்க இயலாது என்பதையும் மனதில் கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று. எந்த வகை வீடானாலும் கொள்முதல் பணத்தில் கை வைக்காதீர்கள். மண்டிக்குத் தவணை தவறினால் சரக்கு வராது. சரக்கு இல்லாத கடைக்கு வாடிக்கையாளர் வரமாட்டார். கடை தாங்கும் பாரத்தையும் முதல் தாங்கும் செலவையும் ஒன்றாக எழுதிப் பார்த்து, இரண்டும் ஒத்துவந்த பிறகே வானம் தோண்ட நாள் பாருங்கள்.