‘அழியும் இனம் எதுவும் இல்லை’ என்று எழுதியிருக்கிறார்களா?

குவாரிகளுக்கான கருத்துக்கேட்புக் கூட்டங்களில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஊர்க்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து, இந்தக் குன்றில் அரிய உயிரினங்கள் இருக்கின்றன, குவாரி வந்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று மனம் உருகப் பேசுவார். கைதட்டல் கிடைக்கும். பிறகு கூட்டக் குறிப்பை வாங்கிப் பார்த்தால் அவ்வளவு பேச்சும் ‘சுற்றுச்சூழல் பாதிக்கப்படும் எனக் கூறினார்’ என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிக் கிடக்கும். பக்கத்துக் கட்டத்தில் நிறுவனத்தின் பதில்: ‘பசுமை வளையம் அமைக்கப்படும்.’ எந்த உயிர், எங்கே, எந்த நாளில் பார்த்தது என்று எதுவுமே சொல்லாத பேச்சுக்கு வேப்பங்கன்று நடுகிறோம் என்றுதான் பதில் வரும்.

மறுபக்கத்தின் அலட்சியம் இதைவிட மோசம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளில் உயிரினப் பட்டியல் என்று காகம், மைனா, அணில், ஓணான் நான்கையும் போட்டு, ‘அழியும் நிலையிலுள்ள இனம் எதுவும் இல்லை’ என்று முடித்துவிடுகிறார்கள். ஒரு மாவட்டத்து அறிக்கையின் பட்டியல் எழுத்துப் பிழைகூட மாறாமல் இன்னொரு மாவட்டத்து அறிக்கையில் வந்து உட்கார்ந்திருப்பதும் உண்டு. அதை உடைக்க முடியும். ஆனால் உடைக்க வேண்டியது மைக்கில் அல்ல, தாளில்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஓர் உயிரினம் எந்த அளவு ஆபத்தில் இருக்கிறது என்று மதிப்பிடுவது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியல். 1964இல் தொடங்கியது. அந்த உயிரினத்தைக் கொல்லக் கூடாது, பிடிக்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது என்று சொல்வது நம் நாட்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972. முன்னது அறிவியல் சான்று, பின்னது சட்டம். இரண்டும் ஒரே வரிசையில் போவதில்லை. மயில் செம்பட்டியலில் ‘கவலை குறைந்த இனம்’, சட்டத்தில் உச்சப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணை. கோடிக்கரையிலும் கிண்டியிலும் துள்ளும் வெளிமானும் அப்படியே. பச்சைக்கிளி உலகளவில் கவலை குறைந்ததுதான். அதற்காகக் கூண்டில் அடைத்தால் வழக்கு வரும். ‘செம்பட்டியலில் ஆபத்து இல்லை என்றுதானே போட்டிருக்கிறது’ என்று வனத்துறை அலுவலகத்தில் நின்று வாதாடியவர்கள் உண்டு. முதல் அட்டவணை உயிரினம் என்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாத, ஏழு ஆண்டு வரையிலான சிறை. 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். 2022இல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளையே மாற்றி அமைத்தார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் புதிய அட்டவணைதான் நடைமுறை. பழைய அட்டவணையை வைத்து மனு எழுதிக் கோட்டை விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதிகாரிகளிலும் இருக்கிறார்கள்.

செம்பட்டியல் மதிப்பீட்டுக்கு ஐந்து அளவுகோல்கள். எண்ணிக்கை எவ்வளவு வேகமாகச் சரிகிறது, வாழும் பரப்பு எவ்வளவு குறுகியது, இனப்பெருக்க வயதுள்ளவை எத்தனை என்பவை அவற்றில் முக்கியமானவை. ஆபத்து வகையில் சேர ஏதேனும் ஒன்றில் தேறினால் போதும். வெண்முதுகுப் பாறு கழுகு சரிவின் வேகத்தால் ‘மிக அருகிய இனம்’ ஆனது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் 99.9 விழுக்காடு போய்விட்டது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைத் தின்றது. 2006இல் அந்த மருந்துக்குக் கால்நடைகளில் தடை வந்தது. வரையாட்டின் கதை வேறு. தமிழ்நாட்டுக் கணக்கெடுப்பில் 2024இல் 1,031, 2025இல் 1,303 என்று எண்ணிக்கை கூடியிருக்கிறது. ‘கூடிவிட்டதே, இன்னும் என்ன அருகிய இனம்?’ என்பார்கள். மொத்தமே சில ஆயிரம், அதுவும் சிறு சிறு கூட்டங்களாக மலைமுகடுகளில் சிதறிக் கிடப்பதுதான் அதன் ஆபத்து. ஓராண்டு ஏற்றம் அதை மாற்றாது.

‘தரவுகள் போதா இனம்’ என்றொரு வகை இருக்கிறது. ஆபத்து இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. ஆபத்து உண்டா என்று சொல்லும் அளவுக்கு யாரும் ஆராயவில்லை என்றுதான் பொருள். ‘மதிப்பிடப்படாத இனம்’ என்பதும் அப்படித்தான். பூச்சி, சிலந்தி, சிறு செடிகளில் பெரும்பகுதி இந்தக் கணக்கில்தான் வரும். அறிக்கை எழுதும் ஆலோசகர்கள் இந்த இரண்டையும் ‘ஆபத்தற்றவை’ பக்கம் சேர்த்துவிடுகிறார்கள். இதை மட்டும் கண்டுபிடித்துச் சுட்டிக்காட்டினாலே அறிக்கையில் ஓட்டை விழும்.

மதிப்பீடுகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, அப்போது கவலை குறைந்த இனமாக இருந்த பனங்காடையை மறுமதிப்பீடு செய்யப் பரிந்துரைத்தது. மின்கம்பியில் தினம் பார்க்கிற பறவை! அந்த முடிவுக்கு அடிப்படை, சாதாரணப் பறவை ஆர்வலர்கள் இ-பேர்டு என்னும் இணையதளத்தில் பதிவிட்ட பட்டியல்கள். ஆகவே மனு எழுதும் நாளில் செம்பட்டியலின் இணையதளத்தில் அந்த இனத்தின் பக்கத்தைத் திறந்து, நிலை, மதிப்பிட்ட ஆண்டு, எண்ணிக்கைப் போக்கு மூன்றையும் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து இணையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை இணைக்காதீர்கள்.

இப்போது மனுவுக்கு வருவோம். கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும். தமிழ்ச் சுருக்கத்தைப் படித்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். உயிரினப் பட்டியல் முழு அறிக்கையின் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கும். அங்கே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எந்த மாதங்களில் கணக்கெடுத்தார்கள்? மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். மழை விழுந்தபின் வெளியே வரும் நட்சத்திர ஆமையும் தவளைகளும் பங்குனி வெயிலில் எப்படிக் கண்ணில் படும்? அடுத்து, திட்டத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் ஆய்வுப் பரப்பு என்று சொல்லிவிட்டு, உண்மையில் எத்தனை இடங்களில் நடந்து பார்த்தார்கள்?

மனுவில் ஓர் உயிரினத்துக்கு ஒரு பத்தி போதும். மாதிரிக்கு: ‘திட்ட இடத்துக்கு வடக்கே ஏறத்தாழ ஒரு கி.மீ. தொலைவிலுள்ள மேய்ச்சல் நிலத்தில், இன்ன தேதி காலை ஏழு மணிக்கு நட்சத்திர ஆமையைக் கண்டேன். படம் இணைப்பு 1. இது செம்பட்டியலில் அழிவாய்ப்பு இனம், பக்கம் இணைப்பு 2. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. வரைவு அறிக்கையின் இன்ன பக்கத்தில் இது இடம்பெறவில்லை. பட்டியலைத் திருத்தி, வனத்துறையுடன் கலந்து பாதுகாப்புத் திட்டம் தயாரிக்கும்வரை பரிசீலனையை நிறுத்தக் கோருகிறேன்.’ விலங்கியல் பெயரையும் கட்டாயம் சேருங்கள். வெறுமனே ‘கழுகு’ என்றால் வட்டமிடும் கரும்பருந்தையும் அதில் அடக்கிவிடுவார்கள். கடைசியில் அறிவிக்கையின் 8ஆவது பத்தியைச் சுட்டுங்கள்: முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைத்தாலோ பொய்யாகத் தந்தாலோ விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யலாம்.

மனுவை மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கொடுங்கள். ஒரு நகல் ஆட்சியருக்கு, ஒரு நகல் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு. கையிலிருக்கும் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்காமல் படி இறங்காதீர்கள். ‘வச்சுட்டுப் போங்க, பார்த்துக்கிறோம்’ என்றால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். கூட்டத்திலும் அதே மனுவைப் படித்துப் பதிவு செய்யுங்கள். முழுக் கூட்டத்தையும் காணொளியாக எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்று ஊரே கலைந்துபோவது இந்த இடத்தில்தான். உட்காருங்கள். உங்கள் ஆமை அந்தக் குறிப்பில் இருக்கிறதா என்று காதால் கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

சான்று சேர்க்கிறேன் என்று கூட்டைக் கலைக்காதீர்கள். முட்டையையும் கூட்டையும் சேதப்படுத்துவது சட்டப்படி வேட்டைதான். ஆமையை ஆதாரமாக வீட்டுக்குத் தூக்கிவராதீர்கள். கூடு, வளை இருக்கும் துல்லியமான இடத்தைப் பொதுமனுவில் போடாமல் மாவட்ட வன அலுவலருக்குத் தனிக் கடிதமாகக் கொடுங்கள். கடத்தல்காரர்களுக்கும் கைப்பேசி இருக்கிறது. செம்பட்டியலே சில இனங்களின் இருப்பிடத்தை மறைத்துத்தான் வெளியிடுகிறது. திரும்பவும் சொல்கிறேன்: இருப்பிடத்தோடு முகநூலில் படம் போடாதீர்கள்.

திட்டம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஏற்பாடு. பல ஊர்களில் அது பீரோவில் தூங்குகிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பதிவேட்டின் நகலையும் குழு கூடிய கூட்டக் குறிப்புகளையும் கேளுங்கள். விட்டுப்போன இனங்களைச் சேர்க்கக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். மதுரை அரிட்டாபட்டி 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டபோது, லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகு ஆகியவற்றை அரசே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது ஊர் திரண்டது, சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. காகிதம் மட்டும் அதைச் சாதிக்கவில்லைதான். ஆனால் அங்கே ஒன்றுமில்லை என்று சொல்ல யாராலும் முடியாமல் போனதற்குக் காகிதம்தான் காரணம்.

இவ்வளவுக்கும் பிறகு அனுமதி கொடுத்துவிட்டால், சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். இழப்பீடு கோராத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். கெடு 30 நாள். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் வரை தீர்ப்பாயம் பொறுக்கும், அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தாண்ட முடியாது. எத்தனை நல்ல வழக்குகள் இந்தக் கெடுவில் செத்திருக்கின்றன! அனுமதி கிடைத்த ஏழு நாளுக்குள் நிறுவனம் உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும். உள்ளாட்சி அலுவலகமும் தன் பலகையில் அனுமதிக் கடிதத்தின் நகலை 30 நாள் ஒட்டிவைக்க வேண்டும். அந்த விளம்பரத்தைத் தேதி தெரியும்படி பக்கத்தோடு வெட்டி எடுத்து வையுங்கள். ஒட்டாத பலகையையும் செய்தித்தாள் தேதியோடு படமெடுத்து வையுங்கள். என்றைக்கு உங்களுக்குத் தெரியவந்தது என்பதைத்தான் தீர்ப்பாயம் முதலில் கேட்கும்.