தேனீயின் போக்கை மாற்றும் புழு: தண்ணீரூற்றில் வெறுமையான ஒரு பெட்டி

தண்ணீரூற்றில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர் இரண்டு தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறார். போரில் கணவரை இழந்தவர். பிள்ளைகளின் கொப்பி, புத்தகச் செலவு அந்தத் தேனில்தான் போகிறது. போன மாதம் ஒரு பெட்டி திடீரென்று வெறுமையானது.

"தம்பி, புழு ஒண்டு தேனீயின்ர புத்தியை மாத்திப் போடுமாம். போனில பாத்தனான். என்ர தேனீக்கும் அதுதானோ?" என்று கேட்டார்.

அப்படியொரு புழு உண்மையிலேயே உண்டு. குளிர்நாடுகளில் பம்பிள்பீ என்ற தேனீ இனம் இருக்கிறது. நம்மூர்க் கருவண்டைப் போலப் பருத்தது, உடல் முழுக்க உரோமம். அதன் ராணி குளிர்காலத்தில் மண்ணுக்குள் தனியாக உறங்கும். அப்போது ஒரு நூற்புழு அதன் உடலுக்குள் புகுந்துவிடுகிறது. பிரெஞ்சு ஆய்வாளர் லெயோன் டியூஃபூர் 1837 இல் அதற்கு ஸ்ஃபெருலாரியா பொம்பி என்று பெயரிட்டார்.

புழுவின் கருப்பை வெளியே பிதுங்கி, புழுவைவிடப் பல மடங்கு பெரிதாக ராணியின் வயிற்றுக்குள் வளர்கிறது. ராணியின் சூலகம் வளர்வதில்லை. வசந்தத்தில் விழித்தெழும் ராணி கூடு கட்டாது, முட்டையும் இடாது. நிலத்தை ஒட்டித் தாழப் பறந்து, உறங்க இடம் தேடுவதுபோல மண்ணைக் கிண்டிக்கொண்டே திரியும். அந்த மண்ணில் புழுக்குஞ்சுகள் இறங்கி, அடுத்த ராணிக்காகக் காத்திருக்கும். பிறகு ராணி செத்துவிடும்.

ஆனால் இலங்கையில் பம்பிள்பீ இல்லை. அக்காவின் பெட்டியில் இருந்தது ஏபிஸ் செரானா என்னும் நம்மூர்த் தேனீ. பெட்டியைத் திறந்து பார்த்தோம். பழைய வதைகள் முழுக்க வெள்ளை நூலாம்படை, அதற்குள் நெளியும் புழுக்கள். இது மெழுகு அந்துப்பூச்சியின் புழு. தேனீயின் உடலுக்குள் இது போவதில்லை, வதையைத்தான் தின்கிறது. பலமான கூட்டம் இதை விரட்டிவிடும். பூக்கள் குறைந்து, கூட்டம் மெலிந்த நேரத்தில் புழு பெருகினால் தேனீக்கள் மொத்தமாகப் பெட்டியைக் கைவிட்டுப் போய்விடும். புத்தி மாறி அல்ல, பிழைப்பதற்காகத்தான் போகின்றன.

இதைத் தடுக்க வழி உண்டு. பெட்டியின் அடிப்பலகையை அடிக்கடி துடைக்க வேண்டும். தேனீ மூடாத கறுத்த பழைய வதைகளை எடுத்து உருக்கிவிட வேண்டும். வெடிப்புகளை அடைக்க வேண்டும். பூ இல்லாத நாட்களில் சீனிப்பாகு வைக்க வேண்டும். பூச்சிமருந்து மட்டும் அடிக்கக் கூடாது, அது தேனீயையும் கொல்லும்.

அன்று பின்னேரமே அக்கா மற்றப் பெட்டியைத் திறந்தார். அடிப்பலகையில் இரண்டு புழுக்கள்தான் இருந்தன. நசுக்கிவிட்டு, பலகையைத் துடைத்து மூடினார்.